ஏழு மணி ஐம்பது நிமிடத் தூரம்

நீங்கள் இதுவரை எத்தனை முறை விமானத்தில் ஏறியிருப்பீர்கள்? ஐந்து? இருபது? அலுவலக வேலையாக ஊர் ஊராகப் பறப்பவர் என்றால் நூறு என்று வைத்துக்கொள்வோம். நான் சொல்லப்போகும் பெண்மணி ஏறக்குறைய இருபதாயிரம் முறை ஏறியிருக்கிறார். ஒரு முறைகூடப் பறந்ததில்லை.

கணக்கு எளிது. ஒரு நாளைக்கு ஆறு விமானம், வருஷத்துக்கு முந்நூறு நாள், பதினோரு வருஷம். அவர் விமானத்தைச் சுத்தம் செய்பவர். பயணிகள் முன்பக்கம் இறங்கி முடித்ததும் பின்பக்கப் படி வழியாக ஏறி, அடுத்த கூட்டம் வருவதற்குள் இறங்கிவிட வேண்டும். இடையில் கிடைப்பது முப்பத்தைந்து நிமிடம். அதற்குள் இருக்கைக்கு முன்னாலிருக்கும் பையைக் காலி செய்து, மடிப்பு மேசையைத் துடைத்து, திரையைத் துடைத்து, தரையைப் பெருக்கி, கடைசியாக ஒவ்வொரு இருக்கையிலும் பெல்ட்டின் இரு பட்டைகளையும் குறுக்காக மடித்து வைக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையில் அவரை அடிக்க ஆளில்லை. ஒரே அளவு, ஒரே கோணம், நூல் பிடித்ததுபோல் இருக்கும். அதனால் அவருக்கு 'பெல்ட் அக்கா' என்று பெயர். அவருடைய அடையாள அட்டையிலிருக்கும் பெயரை அங்கே யாரும் கூப்பிட்டதில்லை.

மேற்பார்வையாளருக்கும் ஒரு பெயர் உண்டு. 'நிமிஷம்'. "இருபது நிமிஷம் ஆச்சு, பதினஞ்சு நிமிஷம்தான் இருக்கு" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வராது. பெல்ட் அக்காவுக்கு அடுத்த வரிசைகளைப் பார்க்கும் பெண்ணை எல்லோரும் 'வாயாடி' என்பார்கள். "உங்க பொண்டாட்டி உங்களக் கட்டிக்கிட்டதே நிமிஷம் பாத்துத்தானா சார்?" என்று மேற்பார்வையாளரிடமே கேட்டவள்.

மடித்த பெல்ட்டில் ஒரு செய்தி உண்டு. விமானம் எட்டு மணி நேரம் பறந்து வந்து நின்ற பிறகும் ஒரு இருக்கையில் பட்டைகள் குறுக்காகவே கிடந்தால், அதில் யாரும் உட்காரவில்லை என்று பொருள். உள்ளே நுழைந்ததும் பெல்ட் அக்காவின் கண் தன்னால் எண்ணிவிடும். இன்றைக்குப் பதினேழு காலி. இன்றைக்கு இருபத்திரண்டு.

அவர் தினமும் ஏறும் ஆறு விமானங்களில் ஒன்று, கடலுக்கு அப்பால் ஒரு பெருநகரத்திலிருந்து வந்து மறுபடி அங்கேயே போகும் விமானம். புறப்படுவதற்கு முன் அதன் திரைகளில் படம் ஓடும். ஒரு வளைந்த கோடு, கோட்டின் நுனியில் அந்த நகரத்தின் பெயர், கீழே இரண்டு எண்கள். தூரம் 6,240 கிலோமீட்டர். பயண நேரம் 7 மணி 50 நிமிடம். இந்த எண்களைத் திரை திரையாகத் துடைத்துத் துடைத்து அவருக்குக் கனவிலும் அவை வரும்.

அவருடைய ஒரே மகன் வேலைக்கு அந்த நகரத்துக்குத்தான் போனான். பையனுக்கு ஏழு வயதாக இருக்கும்போதே கணவர் விபத்தில் போய்விட்டார். அதன்பின் அம்மாவும் மகனும் மட்டும்தான். வேறு ஊர்களிலும் வேலை கிடைத்திருக்கும். அம்மா கை வைக்கும் விமானம் போகும் ஊர் என்பதால் அவன் அதைத் தேர்ந்தெடுத்தான். புறப்பட்ட அன்று காலையில் அவர் வேலையில் இருந்தார். அவன் உட்காரப்போகும் இருபத்தொன்றாம் வரிசை அன்று வாயாடியின் பங்கு. கெஞ்சி அதை மாற்றி வாங்கிக்கொண்டு துடைத்தார். அங்கே போய்ச் சேர்ந்ததும் மகன் போனில் பேசினான்.

"அம்மா, பெல்ட்டப் பிரிக்கவே மனசு வரலம்மா. நீதான?"

"பின்ன யாரு? பிரிக்காம உக்காந்தா வந்த?"

"ஏர்ஹோஸ்டஸ் வந்து திட்டிட்டாங்க."

அவனுக்கு அங்கே ஒரு பெரிய கிடங்கில் வேலை. இடுப்பில் பாதுகாப்பு வார் கட்டிக்கொண்டு, உயர உயரமான இரும்புத் தட்டுகளில் ஏறிப் பெட்டிகளை எடுத்துத் தரவேண்டும்.

இன்னொரு ஆளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த நகரத்தில் அதே விமானத்தைச் சுத்தம் செய்யும் பெண். நம் மொழிக்காரர்தான். மூன்று வருஷத்துக்கு முன், விமானத்தின் கடைசி வரிசையான முப்பத்தெட்டில், இடப்பக்க ஜன்னல் இருக்கைக்கு முன்னாலிருக்கும் பையில், பாதுகாப்பு அட்டைக்குப் பின்னால் ஒரு காகிதக் கைக்குட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதில் எழுதியிருந்தது: 'அந்தப் பக்கம் பெல்ட் மடிக்கிறது யாரு? நம்ம ஆளா? ரொம்ப நேர்த்தி. பாத்துப் பாத்து நானும் கத்துக்கிட்டேன்.' பெல்ட் அக்கா மறுநாள் பதில் வைத்தார். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒன்றிரண்டு துண்டுச் சீட்டுகள் முப்பத்தெட்டாம் வரிசையில் போய் வந்தன. முட்டிவலிக்கு எந்தத் தைலம் நல்லது, மகள் பரீட்சையில் எவ்வளவு வாங்கினாள், அங்கே இருக்கும் நிமிஷத்துக்கு என்ன பெயர் என்றெல்லாம். விமானத்துக்குள் எதையும் விட்டுவிட்டு இறங்கக் கூடாது என்பது சட்டம். பிடிபட்டால் இருவருக்கும் அன்றே வேலை போகும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவரை இவர் 'அக்கரைக்காரி' என்றே சொல்வார்.

ஒரு வியாழக்கிழமை மதியம் வேலை முடிந்து வெளியே வந்து, வாசலில் ஒப்படைத்திருந்த போனை வாங்கிப் பார்த்தால் பதினான்கு அழைப்புகள். மகனோடு அறையில் தங்கியிருக்கும் பையன்.

"அம்மா, பதறாதீங்க. அவன் விழுந்துட்டான்."

"எங்கேந்துடா?"

"நாலாவது தட்டுலேந்து. இடுப்பு வார் அறுந்துபோச்சு. தலையில அடி."

"பேசுறானா?"

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சினான்.

"டேய், பேசுறானான்னு கேக்கிறேன்ல!"

"கண்ணு தொறக்கலம்மா. டாக்டர் உங்கள வரச் சொல்றாரு. எவ்வளவு நாள் தாங்குவான்னு சொல்ல முடியாதாம். சீக்கிரம் வாங்கம்மா."

சீக்கிரம். ஏழு மணி ஐம்பது நிமிடம். அந்தத் திரையை அன்று காலையில்தான் துடைத்திருந்தார்.

அந்த விமான நிறுவனத்தில் 'அவசரப் பயணப் பிரிவு' என்று ஓர் அறை இருக்கிறது. ஊழியர்களின் குடும்பத்தில் யாருக்காவது வெளியூரில் உயிருக்கு ஆபத்து என்றால், நிறுவனமே இரு பக்கத்து அலுவலகங்களோடும் பேசி, விசா வாங்கி, காலியாகப் போகும் இருக்கை ஒன்றில் ஏற்றி அனுப்பிவிடும். போன மாதம் ஓர் அதிகாரி தன் மாமனாரைப் பார்க்க விண்ணப்பித்த அன்று மாலையே பறந்தார். நல்ல ஏற்பாடு. அதை நான் குறை சொல்லவில்லை. பெல்ட் அக்கா அந்த அறைக்குப் போனார். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்க அட்டை சாம்பல் கலர்ல இருக்கேம்மா. இது நீல அட்டை வெச்சிருக்கிற எங்க ஸ்டாஃபுக்கு மட்டும்."

"பதினோரு வருஷமா உங்க பிளேனத்தான் சார் துடைக்கிறேன்."

"பிளேன் எங்களுதுதாம்மா. உங்கள வேலைக்கு வெச்சிருக்கிறது வேற கம்பெனி. அங்க போய்க் கேளுங்க."

அங்கே போய்க் கேட்டார். ஒப்பந்த நிறுவனத்தின் மேலாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"நாங்க என்னம்மா பண்ண முடியும்? எங்ககிட்ட பிளேன் இல்லையே."

விமானம் இருப்பவனிடம் ஆள் இல்லை. ஆள் இருப்பவனிடம் விமானம் இல்லை. இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்தவன் முட்டாள் அல்ல. துடைப்பம் பிடித்த கைக்கு யாரும் பொறுப்பாகிவிடக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்து, வழக்கறிஞர் வைத்து எழுதிய ஏற்பாடு இது.

பாஸ்போர்ட் அவரிடம் இருந்தது. என்றாவது ஒருநாள் மகனைப் பார்க்கப் போகலாம் என்று எடுத்து வைத்தது. டிக்கெட்டுக்கு வாயாடியும் மற்றவர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்துவிட்டார்கள். விசாதான் இல்லை. வெள்ளிக்கிழமை காலை விசா அலுவலகத்தின் கண்ணாடிச் சன்னலுக்கு முன் நின்றார். மருத்துவமனையின் கடிதம் வேண்டும், முத்திரையோடு, அசலாக வேண்டும் என்றார்கள். போனில் படமாக வந்த கடிதத்தைக் காட்டினார். படம் செல்லாதாம். கூரியரில் அசல் வந்து சேர, இடையில் விடுமுறை நாட்களும் வருவதால், நான்கு நாளாகும்.

அப்போதுதான் அவருக்கு முப்பத்தெட்டாம் வரிசை நினைவுக்கு வந்தது.

அவர் போனில் சொன்னபடி, அறைத்தோழன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அங்கே விமான நிலையத்தின் தொழிலாளர் வாசலில் நின்று, பெல்ட் மடிக்கும் பெண்ணை விசாரித்து விசாரித்துக் கண்டுபிடித்தான். அக்கரைக்காரி கடிதத்தை வாங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம்: "ஞாயித்துக்கிழமை அக்கா கையில இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது வழக்கமான விமானம் அல்ல. பழுது காரணமாக அதற்குப் பதில் பெரிய விமானத்தை அனுப்பியிருந்தார்கள். அதில் நாற்பத்தாறு வரிசை. பெல்ட் அக்காவுக்குக் கிடைத்த பங்கு முப்பத்துநான்கு முதல் கடைசிவரை.

பதினோரு வருஷம் ஒரே வேலையைச் செய்த கையைப் பற்றி உங்களுக்குத் தெரியுமா? அதற்குக் கண் தேவையில்லை. இடக்கை பையை விரிக்கும், வலக்கை உள்ளே இருப்பதை வாரி மூட்டையில் போடும், பாதுகாப்பு அட்டை மட்டும் திரும்பி உள்ளே போகும். ஓர் இருக்கைக்கு நான்கு நொடி. கடிதம் கடைசி வரிசையில் இருக்கிறது என்பதே அவர் நினைப்பெல்லாம். முப்பத்தெட்டு என்றால் கடைசி என்றுதான் அவர் உடம்புக்குத் தெரியும். சீக்கிரம் அங்கே போய்விட வேண்டும் என்று அன்று வழக்கத்தைவிட வேகமாகச் செய்தார். நாற்பத்தாறாம் வரிசைக்கு வந்து, இடப்பக்க ஜன்னல் பையில் கை விட்டார். ஒன்றுமில்லை. அட்டையை உருவி உதறினார். ஒன்றுமில்லை. பக்கத்துப் பையிலும் இல்லை.

தலை நிமிர்ந்தபோது மேலே ஒட்டியிருந்த எண் கண்ணில் பட்டது. 46.

அக்கரைக்காரி எண் பார்த்து முப்பத்தெட்டிலேயே வைத்திருப்பாள். ஓடினார். முப்பத்தெட்டாம் வரிசையின் பை சுத்தமாக இருந்தது. அவரே செய்த சுத்தம்.

மூட்டைகள் அதற்குள் கீழே வண்டிக்குப் போய்விட்டன. வெளிநாட்டிலிருந்து வரும் விமானத்தின் குப்பையைத் தரையில் யாரும் பிரிக்கக் கூடாது. கட்டி முத்திரை போட்டு நேராக எரியுலைக்கு அனுப்ப வேண்டும். பெல்ட் அக்கா வண்டியின் முன்னால் போய் நின்றுகொண்டார்.

"என்னக்கா இது, வண்டிய விடுங்க. இருபத்தொம்பது நிமிஷம் ஆச்சு!" என்று கத்தினார் நிமிஷம்.

"சார், என் பையன் லெட்டர் உள்ள இருக்கு."

"உங்க பையன் லெட்டர் பிளேன்ல எப்படி வந்துச்சு?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னால் இரண்டு பேருடைய வேலை போகும். பெல்ட் அக்கா வாயைத் திறக்கவில்லை. வண்டியின் கம்பியைப் பிடித்த பிடியை விடவுமில்லை. வாயாடிதான் குதித்து வண்டியில் ஏறினாள்.

"சார், நீங்க அந்தப் பக்கம் திரும்பி வாட்சப் பாருங்க. உங்களுக்குப் புடிச்ச வேலதான. மூணு நிமிஷம் எண்ணுங்க."

அந்த மனிதரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் திரும்பி நின்றார். மூன்று நிமிடம் அல்ல, ஏழு நிமிடம் நின்றார். அன்று விமானம் தாமதமானதற்குக் கிடைத்த எச்சரிக்கைக் கடிதம் அவர் பெயருக்குத்தான் வந்தது.

ஐந்தாவது மூட்டையில் கடிதம் கிடைத்தது. யாரோ பாதி குடித்து விட்டுப்போன காபி அதன்மேல் கொட்டியிருந்தது. எழுத்துகளைப் படிக்க முடிந்தது. முத்திரை மட்டும் நீலமாக ஊறிப் பரவியிருந்தது. பெல்ட் அக்கா அதைத் தன் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஒட்டிக் காயவைத்தபடியே மீதி இரண்டு விமானங்களைத் துடைத்தார்.

திங்கட்கிழமை கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் அதே குமாஸ்தா.

"முத்திரை தெளிவா இல்லம்மா. வேற வாங்கிட்டு வாங்க."

"தம்பி, ஆஸ்பத்திரி நம்பர் மேலயே இருக்குப்பா. ஒரு போன் போட்டுக் கேளுங்க. நெசமா பொய்யான்னு அவங்களே சொல்லுவாங்க."

"அப்படியெல்லாம் வழக்கம் இல்லம்மா."

அந்த மேசையில் ஒரு தொலைபேசி இருந்தது. கறுப்பு நிறம். குமாஸ்தாவின் வலக்கைக்கு ஒரு சாண் தூரம். 6,240 கிலோமீட்டரை இரண்டு நிமிடத்தில் கடக்கக்கூடிய கருவியை மனித மூளை கண்டுபிடித்து, ஒரு சாண் தூரத்தில் கொண்டுவந்து வைத்திருந்தது. அதை எடுக்கும் வழக்கம் மட்டும் இல்லை.

மருத்துவமனையில் முத்திரை போடும் அதிகாரி புதன்கிழமைதான் வருவார். புதிய கடிதத்தை அக்கரைக்காரி வியாழக்கிழமை விமானத்தில் அனுப்பினாள். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடிப்பு மேசையின் அடியில் ஒட்டி. வெள்ளிக்கிழமை விண்ணப்பம் உள்ளே போனது. ஐந்து வேலை நாள் ஆகும் என்றார்கள். அவசர விசாவுக்கே அவ்வளவு நாளாம்.

அந்த நாட்களில் பெல்ட் அக்கா ஒருநாள்கூட விடுப்பு எடுக்கவில்லை. "வீட்டுல இருந்தா சுவரப் பாத்துட்டு இருக்கணும். இங்கன்னா அவன் ஊருக்குப் போற பிளேன்லயாவது அரை மணி நேரம் இருக்கேன்ல" என்றார் வாயாடியிடம். ஒரு தடவை கழிப்பறைக்குள் நின்றுகொண்டு, "கதவச் சாத்திட்டு இப்படியே இருந்துட்டா என்னடி?" என்று கேட்டார். வாயாடி துடைப்பத்தைக் கீழே போட்டாள். கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

தினமும் மாலை அறைத்தோழன் போனை மகனின் காதருகே பிடிப்பான்.

"ராசா, அம்மாடா. இன்னிக்கு உன் வரிசையத்தான் துடைச்சேன், இருபத்தொண்ணு. இன்னும் ரெண்டு நாள்ல நான் அதுல உக்காந்து வருவேன். நீ கண்ணத் தொறந்து வெச்சிக்கோ."

மறுமுனையில் இயந்திரம் விடும் மூச்சு மட்டும் கேட்கும்.

காலி இருக்கைகளை எண்ணுவதை அவர் கண் நிறுத்தவில்லை. முதல் வியாழன் தொடங்கிப் பதினைந்து நாட்களில் அந்த நகரத்திலிருந்து வந்த விமானங்களில் மட்டும் இருநூற்றெழுபத்தொரு பெல்ட்டுகள் பிரிக்கப்படாமல் வந்தன. போன விமானங்களில் எத்தனை என்று அக்கரைக்காரிதான் சொல்ல வேண்டும். அவளும் எண்ணிக்கொண்டிருந்தாள். சீட்டில் எழுதி அனுப்பினாள்: 'இன்னிக்கும் பத்தொம்பது சீட்டு சும்மா வந்துச்சுக்கா. வயிறு எரியுது.'

பதினைந்தாம் நாள், வியாழக்கிழமை அதிகாலை, மகன் இறந்தான்.

வெள்ளிக்கிழமை காலை விசா அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. விசா தயார். பெல்ட் அக்கா போய், பாஸ்போர்ட்டை வாங்கி, விஷயத்தைச் சொன்னார். குமாஸ்தா உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வந்தான்.

"வருத்தமா இருக்கும்மா. ஆனா இது நோயாளியப் பாக்கிறதுக்குக் குடுத்த விசா. இப்போ நோயாளி இல்லைன்னு ஆயிடுச்சு. இதுல போக முடியாது."

அவர் அழவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்.

"இத மட்டும் எப்படித் தம்பி உடனே சொல்ல முடியுது உங்களால?"

மகன் வந்துசேர இரண்டு நாள் ஆனது. பெட்டி என்றதும் எல்லோருடைய தொலைபேசியும் வேலை செய்தது. கிடங்குக்காரன் பேசினான், விமான நிறுவனம் பேசியது, இரு பக்கத்து அலுவலகங்களும் பேசின. விடுமுறை நாளிலும் முத்திரை விழுந்தது. ஏழு மணி ஐம்பது நிமிடத்தில் அவன் வந்து சேர்ந்தான், அம்மா துடைக்கும் தரைக்கு அடியில், சரக்கு அறையில்.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். அவன் ஆயுள் அவ்வளவுதான் என்றார்கள். பெல்ட் அக்காவோ தன் வலக்கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இந்தக் கைதான். அன்னிக்கு நான் நிதானமா பாத்திருந்தா" என்று ஆரம்பிப்பார், முடிக்கமாட்டார்.

இரண்டையும் நான் ஏற்கமாட்டேன். இடுப்பு வாரை மாற்றாமல் விட்டது ஒரு முதலாளி; விதி கிடங்கு நடத்துவதில்லை. ஒரு சாண் தூரத்திலிருந்த தொலைபேசியை எடுக்காதது ஒரு கை. அது அவருடைய கை அல்ல. ஒரு தாயின் அட்டைக்குச் சாம்பல் நிறம் பூசியது யாரோ ஒருவர், சம்பளம் வாங்கிக்கொண்டு. மனிதர்கள் செய்தவை இவை. மனிதர்களால் மாற்ற முடியாது என்று யாராவது சொன்னால், அவருக்கு மாற்றாமல் இருப்பதில் லாபம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். காபி கொட்டிய காகிதம் தெளிவாகவே வந்திருந்தாலும், அந்த ஐந்து வேலை நாள் திங்களன்று ஆரம்பித்திருக்கும். மகன் கடைசி மூச்சை விடுவதற்குச் சில நாள் முன்பு ஒருவேளை அவர் போய்ச் சேர்ந்திருக்கலாம். நீல அட்டை இருந்திருந்தால் முதல் வெள்ளிக்கிழமையே சேர்ந்திருப்பார். வித்தியாசம் நிறத்தில் இருக்கிறது.

பத்து நாள் கழித்து அவர் வேலைக்குத் திரும்பினார். வேறென்ன செய்வார்? இருபத்தொன்றாம் வரிசைக்கு வந்ததும் திரையைத் துடைக்காமல் நின்றுவிட்டார். வளைந்த கோடு, அந்த ஊர், 6,240, 7:50.

"இது பிளேனுக்குத் தூரம்டி. நமக்கு இல்ல" என்றார் வாயாடியிடம். பிறகு துடைத்தார். பெல்ட்டை மடித்தார். ஒரே அளவு, ஒரே கோணம்.

அந்த விமான நிலையத்தில் சாம்பல் அட்டைக்காரர்கள் நாற்பத்திரண்டு பேர் இப்போது ஒரு மனு எழுதியிருக்கிறார்கள். முதல் கையெழுத்து வாயாடியுடையது, இரண்டாவது நிமிஷத்துடையது. கேட்பது ஒன்றே ஒன்று: விமானத்தைத் தொட்டு வேலை செய்யும் எவருக்கும், அட்டை எந்த நிறமானாலும், அவசரப் பயணப் பிரிவின் கதவு திறக்க வேண்டும். நிறுவனம் இன்னும் பதில் சொல்லவில்லை. துடைப்பவர்கள் கேட்டால் காது கேட்காது. உட்காருபவர்கள் கேட்டால் கேட்கும்.

எந்த நிறுவனம் என்று என்னிடம் கேட்காதீர்கள். நீங்கள் ஏறும் விமானம் எதுவானாலும், உங்களுக்கு அரை மணி நேரம் முன்னால் அதில் ஒருவர் இருந்திருக்கிறார். அடுத்த முறை பெல்ட்டைப் பிரிப்பதற்கு முன் ஒரு நொடி அதைப் பாருங்கள். பிறகு ஒரு தாளை எடுத்து, 'இந்த விமானத்தைச் சுத்தம் செய்தவரின் அட்டை என்ன நிறம்? அவர் பிள்ளை சாகக் கிடந்தால் அவரை ஏற்றிச் செல்வீர்களா?' என்று எழுதி, உங்கள் பெயரையும் இருக்கை எண்ணையும் போடுங்கள். முன்னாலிருக்கும் பையில் மட்டும் செருகாதீர்கள்; அது எங்கே போகும் என்று உங்களுக்கு இப்போது தெரியும். விமானப் பணியாளர் கையில் கொடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.